ஒரு திடல், ஒன்பது தரப்பு: எல்லோரையும் சேர்க்க எந்த வழி?

நலச்சங்கம் நடத்துகிறவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர், தெருவுக்கு ஏதாவது செய்ய நினைக்கிற இளைஞர்கள் என்று பலரும் கேட்கிற கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: “கேட்டா எல்லாரும் நல்ல விஷயம்னு சொல்றாங்க. வேலைன்னு வந்தா ஒருத்தரும் நகர மாட்டேங்கறாங்க. எல்லாரையும் கூட்டி ஒரே கூட்டமா போட்டுடலாமா, ஒவ்வொருத்தரா போய்ப் பார்க்கலாமா, இல்ல மேல மனு கொடுத்து உத்தரவு வாங்கிடலாமா?”

வடசென்னையில் இதற்குப் பதில் தேடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ‘ஒத்துழைப்பு கொடுங்கள்’ என்ற வேண்டுகோளை இங்குள்ள மக்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டுவிட்டார்கள். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதக் கடைசியில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு வெளியேறினார்கள். ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் வந்தார்கள், கேட்டார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். அதனால் நீங்கள் எவ்வளவு நல்ல திட்டத்தோடு போனாலும், எதிரில் இருப்பவருக்கு முதலில் அந்த நினைவுதான் வரும். வேறு ஊரில் சுலபமாக நடந்த ஒரு வழி இங்கே முதல் நாளே முட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பேச வசதியாக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் பார்க்கக் கிடைப்பதைச் சேர்த்துக் கட்டிய எடுத்துக்காட்டு இது. எண்ணூர் விரைவு சாலையை ஒட்டி ஒரு பகுதி. மாநகராட்சிப் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம். அதைச் சமன்படுத்தி, விளக்குப் போட்டு, ஒரு கழிப்பறை கட்டி, பிள்ளைகளின் விளையாட்டுத் திடலாக்க வேண்டும் என்பது நலச்சங்கத்தின் விருப்பம். இதில் ஒன்பது தரப்பு இருக்கிறது: தலைமையாசிரியர், பெற்றோர், அங்கே ஏற்கெனவே ஃபுட்பால் ஆடும் பையன்கள், வலை காயப்போட்டுப் பின்னும் மீனவர்கள், இரவில் லாரி நிறுத்துகிறவர்கள், ஆடி மாதம் அங்கே பந்தல் போடும் கோயில் விழாக் குழு, கவுன்சிலர், மாநகராட்சி உதவிப் பொறியாளர், மணலியில் இருக்கும் ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியைக் கவனிக்கும் அலுவலர்.

எந்த வழியில் போனாலும் முதல் வேலை, இடம் யாருடையது என்று பார்ப்பது. துறைமுகம், ரயில்வே, கோயில், வருவாய்த் துறை, மாநகராட்சி என்று வடசென்னை நிலம் பல கைகளில் இருக்கிறது. சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் அல்லது தண்டையார்பேட்டை தாலுகா அலுவலகத்தில் நில ஆவணத்தைப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கடலோரமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அலை ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம் வரும். கழிப்பறை மாதிரி நிரந்தரக் கட்டடத்துக்கு அங்கே தனியாக அனுமதி பார்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கூட்டம் போட்டால், எட்டுத் தரப்பு ‘சரி’ சொன்ன பிறகு ஒன்பதாவதாக ஒரு அரசு அலுவலகம் ‘முடியாது’ என்று சொல்லும்.

## எதை வைத்து எடைபோடுவது?

யார் எதை இழக்கிறார்கள்? என் கணக்கில் இதுதான் முதல் அளவுகோல், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். காலி இடம் என்று நாம் சொல்லும் இடம் இங்கே பெரும்பாலும் காலியாக இருப்பதில்லை. வலைக்காரருக்கு அது பட்டறை. லாரிக்காரருக்கு, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்ட இரவில் வண்டியை ஓரங்கட்டும் இடம். திடல் வந்தால் பெற்றோருக்கு லாபம் மட்டும்தான், இழப்பு ஒன்றுமில்லை. வலைக்காரருக்கு இழப்பு மட்டும்தான். இரண்டு பேரையும் ஒரே பாய் விரித்து உட்கார வைத்து ‘பொது நன்மைக்கு ஆதரவு தாருங்கள்’ என்றால், ஒருவர் கை தட்டுவார், இன்னொருவர் பேசாமல் எழுந்து போவார். அவர் பேசாமல் போனதை நாம் சம்மதம் என்று எழுதிக்கொள்வோம். மண் கொட்ட வண்டி வரும் அன்றுதான் அவர் குறுக்கே நிற்பார்.

ஒவ்வொருவரிடமும் எந்த அளவு ஆதரவு வேண்டும்? எல்லோரும் ஒரே அளவு ஆதரிக்க வேண்டியதில்லை. லாரிக்காரர் தடுக்காமல் இருந்தால் போதும். பொறியாளரிடம் கையெழுத்து வேண்டும். பெற்றோரிடமும் பையன்களிடமும் உழைப்பும் நேரமும் வேண்டும். எல்லோரிடமும் எல்லாவற்றையும் கேட்கும்போதுதான் வேலை சிக்கலாகிறது.

ஆள் மாறினால் நிற்குமா? பொறியாளருக்கு இடமாற்றம் வரும். இப்போதைய மாநகராட்சி மன்றம் 2022 பிப்ரவரியில் தேர்வானது, பதவிக் காலம் ஐந்து ஆண்டு. கம்பெனி அலுவலர் வேறு வேலைக்குப் போவார். வாய்ச்சொல்லில் வாங்கிய ஆதரவு அவர்களோடு போய்விடும்.

கடைசியாக, பணமும் காலமும். கம்பெனிப் பணத்துக்கு நிதியாண்டு முடியும் மார்ச் 31 ஒரு கோடு. கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். கோயிலுக்கு ஆடி. இந்த மூன்று நாட்காட்டியும் உங்கள் திட்டத்தோடு எங்கே மோதுகிறது என்று முதலிலேயே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

## வழி 1: எல்லோரையும் கூட்டி ஒரே கூட்டம்

பார்க்க நேர்மையான வழி. ஒருவரிடம் ஒன்று, இன்னொருவரிடம் ஒன்று என்று பேச வாய்ப்பில்லை. எல்லோரும் எல்லோருக்கும் முன்னால் கேட்கிறார்கள். செலவும் குறைவு: ஒரு கூடம், நாற்காலி, டீ.

மறைந்திருக்கும் செலவு பெரியது. எண்ணூர், மணலிப் பக்கம் மக்களுக்குப் பழக்கமான கூட்டம் என்பது கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்கு நடத்துவது. மேடையில் அதிகாரிகள், கீழே மக்கள், நடுவில் ஒரு மைக். மைக்கைப் பிடித்தால் எதிர்ப்பைச் சொல்வதற்குத்தான் என்று அனுபவம் கற்றுக்கொடுத்திருக்கிறது, அதில் தவறும் இல்லை. நம் சின்னக் கூட்டமும் மேடை, மைக் என்று அதே வடிவத்தில் இருந்தால் அதே மாதிரிதான் நடக்கும். திடலைப் பற்றிப் பேச வந்தவர்கள் குடிநீர், பட்டா, அனல்மின் நிலையச் சாம்பல், கொசு என்று இத்தனை வருட மனக்குறையையும் அங்கே இறக்கி வைப்பார்கள். அவர்களுக்கு வேறு எங்கே இடம் கிடைத்தது?

இன்னொன்று, யார் வர முடியும் என்பது. ‘ஞாயிறு காலை பத்து மணி, எல்லோருக்கும் லீவு’ என்று வைப்பது வழக்கம். ஞாயிறுதான் காசிமேட்டில் மீன் வாங்கக் கூட்டம் அலைமோதும் நாள். மீன் விற்கும் பெண்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். தொழிற்சாலை ஷிப்டில் இருப்பவர்களுக்கு ஞாயிறும் ஒன்றுதான், செவ்வாயும் ஒன்றுதான். ஆக, அந்தக் கூட்டத்துக்கு வந்தவர்கள் ‘ஊர்’ இல்லை, ஊரில் ஒரு பகுதி.

இந்த வழி எப்போது சிறந்தது? இழப்பவர் யாரும் இல்லாதபோது: மரக்கன்று நடுவது, பள்ளிக்குப் புத்தகம் சேர்ப்பது போன்றவற்றில். அல்லது தனியாகப் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்து, ஒப்புக்கொண்டதை எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்ல வேண்டிய கட்டத்தில். அதற்குப் புதிதாகக் கூட்டம் போடத் தேவையில்லாமலும் இருக்கலாம். தமிழ்நாட்டு நகரங்களில் 2022 முதல் பகுதி சபைகள் கூடுகின்றன. நவம்பர் 1 உள்ளாட்சி நாள் அதற்கான நாட்களில் ஒன்று. அங்கே கவுன்சிலர் இருப்பார், அதிகாரி இருப்பார், தீர்மானம் பதிவாகும். உங்கள் கோரிக்கை அங்கே தீர்மானமாக ஏறினால், தனிக் கூட்டத்தில் கிடைக்கும் கைதட்டலைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

## வழி 2: ஒவ்வொருவராகப் போய்ப் பார்ப்பது

நேரம் கேட்கிற வழி, கால் வலிக்கிற வழி. ஆனால் உண்மை இங்கேதான் வெளிவருகிறது. கூட்டத்தில் ‘யோசிச்சு சொல்றோம் சார்’ என்று முடித்துக்கொள்ளும் அதே மனிதர், வலை பின்னும் இடத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் வேறு மாதிரிப் பேசுவார்: “தம்பி, திடல் வேணாம்னு சொல்லல. தடைக்காலத்துல அத்தனை வலையையும் எங்க கொண்டு போய் போடறது, அத மட்டும் சொல்லு.”

அவர் கேட்டது எதிர்ப்பு இல்லை, ஒரு நிபந்தனை. விசைப்படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் வலை, படகு பழுதுபார்ப்பு எல்லாம் நடக்கிறது. அதே இரண்டு மாதத்தில்தான் பள்ளிக்குக் கோடை விடுமுறை, பையன்களுக்கும் திடல் அதிகம் வேண்டும். மோதல் இடத்தில் இல்லை, காலத்தில் இருக்கிறது. இது தெரிந்துவிட்டால் பேச வழி கிடைக்கும்: காலையில் வலைக்கு, மாலையில் பந்துக்கு. அல்லது கிழக்கு ஓரத்தில் வலைக்கென்று ஒரு பட்டை நிரந்தரமாக. கூட்டத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் இந்தத் தகவல் வந்திருக்காது.

பட்டியலில் விடுபட்டவர்களும் இந்த நடையில்தான் கண்ணில் படுவார்கள். மேலே ஒன்பது தரப்பு என்றேனே, அதில் மாலையில் அந்த இடத்தின் சாலையோரம் கூடை வைத்து மீன் விற்கும் அக்காமார்கள் இல்லை. சுற்றுச்சுவர் எழுந்தால் முதலில் இடம் போவது அவர்களுக்குத்தான். அவர்களை யாரும் தரப்பாக எண்ணுவதில்லை, பகலில் போனால் அவர்கள் அங்கே இருப்பதும் இல்லை.

இதன் மறைந்த செலவுகள் இரண்டு. ஒன்று, சந்தேகம். ‘அந்தக் கோயில்காரங்ககிட்ட தனியா என்ன பேசினாங்க?’ என்ற கேள்வி ஒரு வாரத்தில் கிளம்பும். இதற்கு மருந்து, யாரைப் பார்த்தாலும் இரண்டு பேராகப் போவது, எல்லோரிடமும் ஒரே தாளைக் காட்டுவது, மற்றவர் சொன்ன நிபந்தனையை மறைக்காமல் சொல்வது. இரண்டு, ஆசை வார்த்தை. முகத்துக்கு நேரே ‘இல்லை’ சொல்ல முடியாமல், லாரிக்காரரிடம் ‘பார்த்துக்கலாம் அண்ணே’, கோயில்காரரிடம் ‘உங்களுக்கு இல்லாததா’ என்று சொல்லிவிட்டு வருவோம். இரண்டு ‘பார்த்துக்கலாம்’ ஒன்றோடொன்று மோதும்போது திட்டத்தோடு நம் பெயரும் போகும். முடியாததை அன்றே முடியாது என்று சொல்வதுதான் இந்த வழியில் கடினமான வேலை.

இழப்பவர் ஒருவராவது இருந்தால், முதல் அடி இந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் லாபம் அடைபவரிடமிருந்து ஆரம்பிக்காமல், அதிகம் இழப்பவரிடமிருந்து. நாம் வழக்கமாகத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கவுன்சிலர், கம்பெனி, தலைமையாசிரியர் என்று சம்மதம் எளிதாகக் கிடைக்கிற வாசல்களில் ஏறி இறங்குகிறோம். கடைசியில் வலைக்காரரிடம் போகும்போது எல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். அவரிடம் கருத்துக் கேட்கவில்லை, தகவல் சொல்கிறோம் என்பது அவருக்குப் புரியும்.

## வழி 3: ஊர்ப் பஞ்சாயத்தை முன்னால் நிறுத்துவது

மீனவக் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு இன்றும் வலு இருக்கிறது. பஞ்சாயத்தார் ‘சரி’ என்று சொல்லிவிட்டால் ஊர் கட்டுப்படும். ஒரே பேச்சில் நூறு வீட்டின் சம்மதம் கிடைத்த மாதிரி. பகிர்ந்துகொள்வதில் பழுத்த அறிவும் அங்கே இருக்கிறது. வடக்கே பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. மீன் நன்றாகக் கிடைக்கும் இடம் ஒருவரிடமே நிலைத்துவிடாமல், உரிமை உள்ளவர்கள் முறை வைத்து மாறி மாறி வலை போடுவார்கள். நம் திடலுக்கு வேண்டியதும் இதே முறை வைக்கும் ஏற்பாடுதான். நீங்கள் ஒரு பயன்பாட்டு அட்டவணையைத் தயாரித்துக்கொண்டு போவதைவிட, ‘இந்த இடத்துக்கு நீங்களே ஒரு முறை வைத்துக் கொடுங்கள்’ என்று பஞ்சாயத்தாரிடம் கேட்பது பல மடங்கு பலன் தரும். அவர்கள் வகுத்த முறையை அவர்களே காப்பாற்றுவார்கள்.

மறைந்த செலவு என்ன? பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடம் கிடைப்பது அரிது. கூடைக்கார அக்காமார்களின் குரல் அங்கே கேட்காது. அந்தக் குப்பத்தைச் சேராதவர்கள், வாடகைக்கு இருப்பவர்கள், பக்கத்து நகர் மக்கள் ஆகியோருக்கு அந்த முடிவு கட்டுப்படாது. பக்கத்துக் குப்பத்தோடு பழைய மனத்தாங்கல் இருந்தால், நீங்களும் ஒரு பக்கம் சேர்ந்தவராகிவிடுவீர்கள். அதனால் பஞ்சாயத்து ஒப்புக்கொண்ட பிறகும் பெண்களிடம், முடிந்தால் ஒரு பெண் வழியாக, தனியாகப் பேசியே ஆக வேண்டும்.

இடத்தைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும்போது இது சிறந்த வழி. வியாசர்பாடி, கொடுங்கையூர் மாதிரி பல ஊர் மக்கள் கலந்து வாழும் பகுதிகளில் இதை நம்பி இறங்க வேண்டாம்.

## வழி 4: குழு, தீர்மானம், கையெழுத்து

எழுத்தில் இல்லாத ஒப்புதல் ஆள் மாறும்போது கரைந்துவிடும் என்றேன். அதற்குத்தான் இந்த வழி. தரப்புக்கு ஒருவராக ஒரு சின்னக் குழு, ஒரு தீர்மானப் புத்தகம், ஒரு பக்கத்தில் அடங்கும் உடன்பாடு. அதில் நோக்கம் எல்லோரும் பார்த்துச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். ‘இளைஞர் மேம்பாடு’ என்று எழுதினால் யாரும் மறுக்கமாட்டார்கள், யாரும் பொறுப்பேற்கவும்மாட்டார்கள். ‘மாலை ஐந்து முதல் ஏழு வரை பள்ளிப் பிள்ளைகளுக்கு, தடைக்காலத்தில் கிழக்குப் பட்டை வலைக்கு, ஆடியில் விழா நாட்களுக்குப் பந்தல், விளக்குக் கட்டணம் இன்னாருக்கு, கழிப்பறைச் சாவி இன்னாரிடம்’ என்று எழுதினால் அது நிற்கும்.

புதிய சங்கம் பதிவு செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் பதியலாம். ஆனால் ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்கு, தாக்கல் என்று வேலை தொடரும். ஒரு திடலுக்காக அது தேவையா என்று யோசியுங்கள். பள்ளிக்கு ஏற்கெனவே மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதையே அச்சாக வைத்துச் சுற்றிலும் மற்றவர்களைச் சேர்க்கலாம்.

கம்பெனிப் பணத்தை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்யும் அமைப்பு 2021 ஏப்ரலிலிருந்து மத்திய அரசிடம் தனியாகப் பதிந்திருக்க வேண்டும், வருமான வரிப் பதிவுகளும் முன் அனுபவமும் காட்ட வேண்டும். நேற்று தொடங்கிய சங்கத்தால் அது முடியாது. கம்பெனி தானே நேரடியாகச் செய்யலாம், அல்லது தகுதியுள்ள ஓர் அறக்கட்டளை வழியாக வரலாம். அப்படி வரும்போது திடலின் பெயர்ப் பலகை யாருடையது, பராமரிப்பு யாருடையது என்பதும் எழுத்தில் வர வேண்டும். கட்டிக் கொடுத்துவிட்டுப் போன கழிப்பறைகள் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் பராமரிப்புக்கு ஆள் இல்லாததுதான்.

## வழி 5: மேலிருந்து உத்தரவு

திங்கட்கிழமை ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் மனு, ‘முதல்வரின் முகவரி’ என்ற குறைதீர்ப்புப் பிரிவு, மாநகராட்சியின் 1913 புகார் எண், கடைசியாக நீதிமன்றம். ஆக்கிரமிப்பாளர் பலமானவராக இருந்தால், உயிருக்கு ஆபத்தான மாசு என்றால், பேசிப் பார்க்கவே மறுக்கிறார்கள் என்றால் இதுதான் வழி, இதில் தயங்கவே கூடாது. ஆனால் உத்தரவு இடத்தை வாங்கித் தரும், மனதை வாங்கித் தராது. வலைக்காரரைக் காவல் துறை வைத்து அப்புறப்படுத்திய திடலில் விளக்கு எத்தனை நாள் உடையாமல் இருக்கும்?

## ஒரே பார்வையில்

| வழி | இழப்பவர் குரல் கேட்குமா | ஆள் மாறினால் நிற்குமா | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| ஒரே கூட்டம் | பெரும்பாலும் இல்லை | பகுதி சபைத் தீர்மானமானால் ஓரளவு | பழைய குறைகள் பொங்கும், உழைப்பவர் வர முடியாது | யாருக்கும் இழப்பு இல்லாதபோது, அல்லது கடைசிக் கட்டத்தில் |
| தனித்தனியாக | நன்றாக | இல்லை | சந்தேகம், ஆசை வார்த்தை | முதல் அடியாக |
| ஊர்ப் பஞ்சாயத்து | ஆண்கள் குரல் மட்டும் | ஊருக்குள் நிற்கும் | பெண்கள், வெளியார் விடுபடுவர் | ஒரே ஊர் மக்கள் என்றால் |
| குழுவும் எழுத்தும் | முன்பே பேசியிருந்தால் | நன்றாக | காகித வேலை, மெதுவான நடை | பணமும் பராமரிப்பும் வரும்போது |
| மேலிருந்து உத்தரவு | இல்லை | சட்டப்படி நிற்கும் | பகை | ஆபத்து, ஆக்கிரமிப்பு |

## நம் திடலுக்கு எது?

ஒரே வழியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை போக வேண்டியதில்லை, வரிசைதான் முக்கியம். இந்தத் திடலுக்கு நான் இப்படிப் போவேன். நில ஆவணம் கையில் வந்ததும் முதலில் வலைக்காரர்கள், கூடைக்கார அக்காமார்கள், லாரிக்காரர்கள் என்ற மூன்று வாசல், இரண்டு பேராக. அவர்கள் சொன்ன நிபந்தனைகளோடு ஊர்ப் பஞ்சாயத்திடம் போய் முறை வைத்துத் தரச் சொல்வது. அந்த முறையை எழுதி எடுத்துக்கொண்டு கோயில் குழு, தலைமையாசிரியர், பொறியாளர். கவுன்சிலரிடம் அதற்குப் பிறகு போகலாம், அப்போது அவரிடம் ‘ஊர் ஒத்துக்கொண்டுவிட்டது, பகுதி சபையில் தீர்மானம் வேண்டும்’ என்று கேட்க முடியும். எந்த அரசியல்வாதிக்கும் அதற்கு மறுப்புச் சொல்வது கடினம். கம்பெனி கடைசி. பணம் முதலில் வந்துவிட்டால் எல்லோருடைய பேச்சும் பணத்தைச் சுற்றியே போகும், அப்புறம் மார்ச் 31க்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் மேலே சொன்ன மூன்று வாசலையும் தாண்டிப் போய்விடுவோம்.

மூன்று வாசலில் ஒன்று மட்டும் கடைசி வரை ஒத்துவரவில்லை என்றால், முதலில் திட்டத்தைச் சுருக்கிப் பாருங்கள். சுற்றுச்சுவர் வேண்டாம், விளக்கும் சமன்படுத்தலும் போதும் என்றால் கூடைக்காரர் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. லாரிக்கு மாற்று இடம் இரவு பத்து மணிக்கு மேல் மட்டும் என்றாலும் பலர் ஒத்துக்கொள்வார்கள். வலைக்காரரோடு பேச்சைத் தொடங்கத் தடைக்காலத்தின் முதல் இரண்டு வாரம் நல்ல நேரம்: விசைப்படகுகள் கரையில் இருக்கும், வலைகள் அந்த இடத்திலேயே விரிந்து கிடக்கும், எவ்வளவு இடம் உண்மையில் தேவை என்பதை இரண்டு தரப்பும் சேர்ந்து டேப் வைத்தே அளந்துவிடலாம்.